எர்த் கம்பியை எங்கே இறக்குவது?

வானொலி நேயர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஏரியல் பற்றி எங்கே பேசப் போனாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும். "மொட்டை மாடியில் கம்பி கட்டியாயிற்று, கோஆக்சியல் கேபிளும் இறக்கியாயிற்று. அந்தக் கேபிளின் உறையை எர்த் செய்ய வேண்டுமா? செய்வதென்றால் எங்கே?" இந்த மாலை முழுவதையும் இந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறேன். காரணம், இதற்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. எர்த் செய்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது என்கிறார் ஒருவர். எர்த் செய்ததும் இரைச்சல் கூடிவிட்டது என்கிறார் அடுத்த தெருக்காரர். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு காரியம் செய்திருக்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணில் அடித்த ராடு இரைச்சலை விழுங்கிவிடாது. அது மின்னோட்டத்துக்கு ஒரு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த வழியை எந்த இடத்தில் திறக்கிறோம், அது எவ்வளவு நீளம், வீட்டிலுள்ள வேறு எந்தக் கருவிகள் அதே வழியைப் பயன்படுத்துகின்றன என்பதைப் பொறுத்தே அது நமக்கு நன்மை செய்யும், அல்லது கெடுதல் செய்யும்.

வால்வு ரேடியோ காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பெட்டியின் பின்புறம் ஏரியலுக்கு ஒரு துளை, எர்த்துக்கு ஒரு துளை இருக்கும். எர்த் கம்பியைக் கொண்டுபோய் தண்ணீர்க் குழாயில் சுற்றி இறுக்குவார்கள். சத்தம் சட்டென்று எழும். அது ஏன் வேலை செய்தது? வானத்திலிருந்து வரும் அலை ஏரியல் கம்பியில் ஒரு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் ரேடியோவுக்குள் நுழைந்து எங்காவது வெளியேற வேண்டும். வெளியேற இடமில்லாவிட்டால் உள்ளேயும் வராது. 1895இல் மார்க்கோனி தன் தந்தையின் தோட்டத்தில் சோதனை செய்தபோது தூரத்தை ஒரேயடியாகக் கூட்டித் தந்தது இதுதான்: ஒரு முனையை உயரத்தில் தூக்கினார், மறுமுனையை மண்ணில் இறக்கினார். ஏரியலும் எர்த்தும் ஒரே ஆண்டெனாவின் இரண்டு பாதிகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அன்றைய வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு மின்னணுக் கருவி கிடையாது. குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, அதோடு சரி. குழாயோ இரும்புக் குழாய், நேராக ஈர மண்ணுக்குள் போனது. இன்று குழாய் பிவிசி. அதில் எர்த் கம்பியைச் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. வீட்டுக்குள்ளோ எல்இடி பல்புகள், செல்போன் சார்ஜர்கள், மடிக்கணினி அடாப்டர், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி, பிஎல்டிசி விசிறி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு ஸ்விட்சிங் சப்ளை இருக்கிறது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டுகளின் மடங்கு அதிர்வெண்கள் மீடியம் வேவைத் தாண்டி சிற்றலை முழுவதும் பரவிக் கிடக்கின்றன. புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் வரும் தமிழ் ஒலிபரப்பையோ, தூத்துக்குடியின் 1053ஐயோ தூரத்து ஊரிலிருந்து பகலில் பிடிக்க முயன்றவர்களுக்கு இந்த ரீங்காரம் நன்றாகவே பழக்கம்.

சரி, அதற்காகத்தானே ஏரியலை மாடியில் கட்டி, உறை போட்ட கோஆக்சியல் கேபிளில் கீழே கொண்டுவருகிறோம்? உறை இருக்கும்போது இரைச்சல் எப்படி உள்ளே வருகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேபிளை வெட்டிப் பார்த்தால் இரண்டு கடத்திகள்தான் தெரியும்: நடுவில் ஒரு கம்பி, சுற்றி ஒரு பின்னல் உறை. ஆனால் வானொலி அதிர்வெண்ணில் அங்கே இருப்பவை மூன்று. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் ஆழத்துக்குப் போகாது, தோலை மட்டும் ஒட்டிப் பாயும். செம்பில் 10 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆகவே உறையின் உட்பக்கம் தனிக் கடத்தி, வெளிப்பக்கம் தனிக் கடத்தி. நமக்கு வேண்டிய சிக்னல் நடுக்கம்பிக்கும் உட்பக்கத்துக்கும் இடையே பத்திரமாக வருகிறது. வெளிப்பக்கத்தில் வேறு ஒரு மின்னோட்டம், உள்ளே நடப்பதோடு சம்பந்தமே இல்லாமல், தன் பாட்டுக்கு ஓடலாம்.

அப்படி ஓடுவது நம் வீட்டு இரைச்சல்தான். அடாப்டரிலிருந்து ரேடியோவின் உலோகச் சட்டத்துக்கு வருகிறது. கணினியில் செருகும் எஸ்டிஆர் குச்சி வைத்திருந்தால் யூஎஸ்பி வயர் வழியே வருகிறது. சட்டத்திலிருந்து கேபிள் உறையின் வெளிப்பக்கத்தில் ஏறி, படியேறுவது போல மாடிக்குப் போகிறது. மாடியில் கேபிள் முடியும் இடத்தில்தான் விபரீதம். அங்கே உறையின் விளிம்பில் வெளிப்பக்கமும் உட்பக்கமும் சந்திக்கின்றன. வெளியே வந்த இரைச்சல் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே திரும்பி, ஏரியலில் விழுந்த சிக்னலோடு சேர்ந்து ரேடியோவுக்கு இறங்குகிறது. வீட்டிலிருந்து ஏரியலைத் தள்ளி வைத்தும் வீட்டு இரைச்சல் போகவில்லையே என்று வருந்துபவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். ஏரியலைத் தள்ளி வைத்தார்கள், கேபிள் வீட்டை மறுபடி ஏரியலோடு கட்டிப் போட்டுவிட்டது.

நீண்ட கம்பி ஏரியல் கட்டுபவர்களுக்கு இது இன்னும் தீவிரம். கம்பியின் அடியில் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைக்கிறோம். கடையில் கிடைக்கும் பலவற்றில் சுற்றுகள் எல்லாம் ஒரே தொடர்ச்சி, எர்த் முனையும் கேபிள் உறையும் ஒன்றுதான். அந்த முனையில் எர்த் எதையும் இணைக்காமல் விட்டுவிட்டால் ஆண்டெனாவின் இரண்டாவது பாதி எங்கே? நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த இரண்டாவது பாதி, கேபிள் உறையின் வெளிப்பக்கமும், அதன் வழியே உங்கள் வீட்டு மின் வயரிங் முழுவதும்தான். கம்பி வானத்தைக் கேட்கிறது, மறுபாதி சமையலறை எல்இடியைக் கேட்கிறது.

உங்கள் வீட்டில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லை. ஒரு காலியான அலைவரிசையில் ரேடியோவை வைத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு மாடிக்குப் போய் ஏரியல் கம்பியை மட்டும் டிரான்ஸ்பார்மரிலிருந்து கழற்றுங்கள். கேபிள் அப்படியே இருக்கட்டும். இறங்கி வந்து கேளுங்கள். இரைச்சல் மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் ஏரியல் கம்பி பிடித்தது. கம்பி இல்லாமலே இரைச்சல் நீடித்தால் அது கேபிள் வழியாக வருவது. அடுத்து ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சலில் உங்கள் வீட்டின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். எர்த்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பியே நேரடியாகப் பிடிக்கும் இரைச்சலை, அடுத்த வீட்டு சோலார் இன்வெர்ட்டரின் இரைச்சலை, எந்த எர்த்தும் குறைக்காது. அதற்குக் கம்பியின் இடத்தை மாற்ற வேண்டும்.

இரைச்சல் கேபிளில் வருகிறது என்று தெரிந்த பிறகு எல்லோரும் முதலில் செய்வது, ரேடியோவின் எர்த் முனையை சுவரில் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டின் எர்த்தோடு சேர்ப்பது. கூடாது. அந்தப் பச்சை வயர் எலக்ட்ரீஷியன் பார்வையில் உயிர் காக்கும் வயர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வானொலிப் பார்வையில் அது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் இரைச்சலும் கலந்து ஓடும் வயர். கணினி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் தன் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகத் தன் குப்பையை அதில்தான் கொட்டுகிறது. அதைக் கேபிள் உறையோடு சேர்த்தால் அந்தக் குப்பை முழுவதும் மாடி ஏறும். எர்த் செய்ததும் இரைச்சல் கூடியது என்றாரே ஒருவர், அவர் பெரும்பாலும் செய்தது இதைத்தான். இன்னும் சில இடங்களில் நியூட்ரலையே எர்த்தாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அதை மன்றாடிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால் ரேடியோவின் சட்டமும், கேபிள் உறையும், மாடியில் துணி காயப்போடுகிறவர் கைபடும் இடத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டியும் 230 வோல்ட்டில் நிற்கும்.

இரண்டாவதாகச் செய்வது, மாடியில் கேபிள் முடியும் இடத்திலிருந்து ஒரு தடித்த கம்பியைச் சுவரோரமாக இறக்கி, கீழே ராடு அடித்து இணைப்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஓம் மீட்டரை வைத்தால் தடை ஒன்றுமே இல்லை என்று காட்டும். ஆனால் நேரான கம்பி ஒன்றுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 10 மீட்டர் கம்பி 50 ஹெர்ட்ஸில் ஒரு ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான் எதிர்க்கும். 1 மெகாஹெர்ட்ஸில் அதே கம்பி 60 ஓமுக்கு மேல். 7 மெகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அலைநீளம் 43 மீட்டர், அதில் கால் பங்கு 10.7 மீட்டர். இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடிக்கும் தரைக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதுவே. கால் அலை நீளக் கம்பியின் கீழ்முனையை மண்ணோடு சேர்த்தால் மேல்முனையில் பல ஆயிரம் ஓம் எதிர்ப்பு தோன்றும். அதாவது மாடியில் நிற்கிற உங்களுக்கு அந்த எர்த், இல்லாததற்குச் சமம். அது வெறுமனே செயலற்று நிற்பதும் இல்லை. அந்தக் கம்பி தானே ஒரு ஏரியலாகி, சுவருக்குள் ஓடும் மின் வயர்களின் இரைச்சலைப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு வரும்.

அப்படியானால் எங்கேதான் செய்வது? தரை மட்டத்தில். கேபிள் மாடியிலிருந்து நேராக ஜன்னலுக்குள் நுழையாமல், ஒருமுறை தரைக்கு இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் ராடு. ராடுக்கும் உறைக்கும் இடையே உள்ள கம்பி ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. அதற்குப் பிறகே கேபிள் வீட்டுக்குள் போகலாம். நிலம் இருப்பவர்கள் இன்னும் நன்றாகச் செய்யலாம். ஏரியல் கம்பியின் அடிமுனையை வீட்டிலிருந்து 15, 20 மீட்டர் தள்ளி, ஒரு தென்னையடியிலோ கிணற்றடியிலோ தரைக்குக் கொண்டுவந்து, டிரான்ஸ்பார்மரையும் அங்கேயே வைத்து, அங்கிருந்து கேபிளை மண்ணுக்குள் புதைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது. ஒரு அடி ஆழம் போதும். உறையின் வெளிப்பக்கத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஈர மண் வழி நெடுக உறிஞ்சித் தணித்துவிடும்.

ராடு பற்றி ஒரு வார்த்தை. ஈரம் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். ஆனால் வானொலி அதிர்வெண்ணில் மேல்மண்ணே அதிகம் வேலை செய்கிறது என்பதால் ஆழம் மட்டும் போதாது. வறண்ட செம்மண் ஊர்களில் ராடோடு சேர்த்து 5 முதல் 10 மீட்டர் நீளத்தில் நான்கு கம்பிகளை நாலு திசையிலும் மண்ணை ஒட்டிப் பரப்பினால், ஆழமாக அடித்த ஒற்றை ராடைவிட நல்ல பலன் தரும்.

ராடு மட்டும் முழுப் பரிகாரமும் ஆகாது. அதற்குத் துணையாக இரண்டு வேண்டும். முதலாவது, தனித்தனிச் சுற்றுகள் கொண்ட டிரான்ஸ்பார்மர். இரட்டைத் துளை ஃபெரைட் துண்டு ஒன்றில் ஏரியல் பக்கம் 9 சுற்று, கேபிள் பக்கம் 3 சுற்று. மூன்றுக்கு ஒன்று என்ற சுற்று விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்ற மின்மறுப்பு விகிதத்தைத் தரும். 9 சுற்றின் ஒரு முனை ஏரியலுக்கு, மறுமுனை அங்கேயுள்ள ராடுக்கு. 3 சுற்றின் இரு முனைகள் கேபிளின் நடுக்கம்பிக்கும் உறைக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. சிக்னல் காந்தப் புலத்தின் வழியே தாண்டுகிறது. உறையில் ஏறிவந்த இரைச்சலுக்குத் தாண்டும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது சோக். ஃபெரைட் வளையத்தில் கேபிளையே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுவது. கேபிளுக்குள் போகும் சிக்னலுக்கு அந்தச் சுற்று இருப்பதே தெரியாது. வெளிப்பக்க மின்னோட்டத்துக்கு மட்டும் அது பெரிய தடை. சிற்றலைக்கு 31ஆம் எண் ஃபெரைட் கலவை ஏற்றது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் தேடலாம்.

சோக்கும் ராடும் ஒன்றுக்கொன்று துணை. சோக் மட்டும் இருந்தால் இரைச்சல் தடைபட்டாலும் போவதற்கு வேறு வழி இல்லாததால் மிச்சம் கசியும். ராடு மட்டும் இருந்தால் இரைச்சல் ராடுக்கும் கேபிளின் அடுத்த பகுதிக்கும் பிரிந்து பாயும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சோக்கின் எதிர்ப்பு 3000 ஓம், ராடும் அதன் இணைப்பும் சேர்ந்து 100 ஓம் என்று வையுங்கள். வீட்டுப் பக்கத்தில் சோக், அதைத் தாண்டியதும் ராடு. சோக்கைத் தாண்டி ராடு இருக்கும் இடத்தில் மிஞ்சும் இரைச்சல் மின்னழுத்தம் 31இல் ஒரு பங்கு. 30 டெசிபெல் குறைவு. சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஐந்து படி இறக்கம். ஐந்து படி இரைச்சல் இறங்கினால், இருப்பதே தெரியாமல் அடியில் புதைந்து கிடந்த நிலையங்கள் பேச ஆரம்பிக்கும்.

நாம் துரத்த வேண்டியது சத்தத்தின் அளவை இல்லை. இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு எழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்களின் சிற்றலைச் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று கேட்பதற்காக பால் காட்லி என்பவர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். வீடுகளை விட்டு விலகி, வயல்வெளியில் ஒரு கூடாரம் அடித்தார். உயரத்தைத் தேடாமல், தாழ்ந்த கம்பங்களில் சுமார் 1300 அடிக்கு ஒரு கம்பியை நீட்டினார். ஹரால்ட் பெவரேஜ் வடிவமைத்த ஏரியல் அது. தூரத்து முனை ஒரு தடை வழியாக மண்ணில் இறங்கும். பெவரேஜ் ஏரியல் பிடிக்கும் சிக்னல் உண்மையில் சிறியது, ஆனால் அது பிடிக்கும் இரைச்சல் அதைவிட மிக மிகச் சிறியது. கனெக்டிகட்டின் கிரீன்விச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய செய்தி அந்தக் கூடாரத்தில் தெளிவாகக் கேட்டது.

இதே காரணத்தால்தான் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளே நமக்குப் போதும் என்கிறேன். அது 75 ஓம், ரேடியோ 50 ஓம் கேட்கிறது என்று கவலைப்பட வேண்டாம். கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தும்போது அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஒன்றைக் கவனியுங்கள்: அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சாதாரண ஈயப் பற்று அதில் ஒட்டாது. எஃப் கனெக்டர் போட்டு, டிஷ்காரர்கள் பயன்படுத்தும் எர்த் பிளாக் ஒன்றில் சேர்த்து, பிளாக்கின் திருகிலிருந்து ராடுக்குக் கம்பி கொடுங்கள். கடலோர ஊர்களில் அலுமினியமும் செம்பும் தொடும் இடம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் பொடிந்துபோகும். பொடிந்த இணைப்பு, இணைப்பே இல்லாததைவிடக் கெட்டது, அது தானே இரைச்சல் எழுப்பும். நன்றாக மூடி, கேபிள் உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

இனி மின்னல். இதுவரை சொன்னதெல்லாம் காதுக்கு, இது உயிருக்கு.

1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கெயோர்க் ரிக்மன் என்ற இயற்பியலாளர், வீட்டுக் கூரையில் ஒரு இரும்புக் கோலை நிறுத்தி, அதிலிருந்து கம்பியை அறைக்குள் இருந்த அளவுக் கருவிக்குக் கொண்டுவந்திருந்தார். வானத்து மின்சாரத்தை அளக்க வேண்டும் என்பதால் அந்தக் கம்பியை மண்ணோடு சேர்க்கவில்லை. ஆகஸ்ட் மாத இடிமழை ஒன்றின்போது கருவியின் அருகே போனார். கம்பியிலிருந்து பாய்ந்த நெருப்பு அவர் நெற்றியைத் தாக்கியது. அந்த இடத்திலேயே இறந்தார். உடனிருந்த சித்திரச் செதுக்கர் சொக்கோலோவ் தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தார். கூரையில் உலோகம், அதிலிருந்து அறைக்குள் ஒரு கம்பி, மண்ணுக்கு வழி இல்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டு ஏரியல் இன்று இதே நிலையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மின்னலுக்கான எர்த்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது. சராசரி மின்னல் ஒன்றில் 30,000 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாய்கிறது. ராடின் தடை 10 ஓம் என்றால்கூட அந்தக் கணத்தில் ராடு 3 லட்சம் வோல்ட்டுக்கு உயர்ந்து நிற்கும். ஏரியலின் ராடு தனி, மீட்டர் போர்டின் எர்த் தனி என்று இருந்தால் அந்த 3 லட்சம் வோல்ட் வித்தியாசம் எங்கே விழும்? ஒரு பக்கம் ஏரியல் கேபிள், மறுபக்கம் மின் இணைப்பு, நடுவில் ரேடியோ, அதன் குமிழில் உங்கள் கை. ஆகவே கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள ராடையும் வீட்டு எர்த் பைப்பையும் தடித்த செம்புக் கம்பியால், வீட்டுக்கு வெளியே, தரையோரமாக இணைத்தே ஆக வேண்டும். இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே உயரும், ஒன்றாகவே இறங்கும்.

அப்படி இணைத்தால் பச்சை வயரின் குப்பை மறுபடி கேபிளுக்கு வந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஓரளவு வரும். அதைத் தடுக்கத்தான் சோக். நுழைவிடத்து ராடைத் தாண்டி, ஏரியல் பக்கமாகப் போகும் கேபிளில் இன்னொரு சோக் வையுங்கள். ஏரியல் அடியிலுள்ள தனிச் சுற்று டிரான்ஸ்பார்மரும் காவலுக்கு நிற்கிறது. அதன் இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே ஒரு வாயுக் குழாய் அரெஸ்டர் போட்டால், சாதாரண நாளில் அது திறந்தே இருக்கும், மின்னல் நாளில் மட்டும் பாலமாகும். பாதுகாப்பையும் அமைதியையும் ஒருசேரப் பெற முடியும். அமைதிக்காகப் பாதுகாப்பு இணைப்பை வெட்டுவதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மண் கிடையாது. நாலாவது மாடியில் எர்த் தேடி அலைய வேண்டாம். எர்த்தே தேவைப்படாத வளைய ஏரியலைப் பால்கனிக்கு வெளியே வையுங்கள். அதில் இரண்டு பாதிகளும் அந்த வளையத்துக்குள்ளேயே இருக்கின்றன. கேபிளின் இரு முனையிலும் சோக் போடுங்கள், ரேடியோவை பேட்டரியில் ஓட்டுங்கள். பால்கனிக் கைப்பிடிக் கம்பியோடு எதையும் இணைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இன்று சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டாலும், நேரடியாக விழும் மின்னலை இந்த ஏற்பாடு தாங்காது. ஏரியலில் காற்றாலும் மழையாலும் சேரும் மின்னேற்றம், பக்கத்துத் தென்னையில் விழுந்த மின்னலின் தூண்டல், இவற்றுக்கு மட்டுமே அது காவல். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் வானம் கருத்தால், இடி கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள். ரேடியோவின் பின்னால் கழற்றி மேஜை மேலே போட்டுவைப்பதில் பயனில்லை, அது ரிக்மன் அறையில் இருந்த கம்பி போலத்தான். கழற்ற வேண்டியது வீட்டுக்கு வெளியே, நுழைவிடத்து ராடின் அருகில். ஏரியல் பக்கத்து முனை எர்த் பிளாக்கிலேயே இருக்கட்டும், வீட்டுக்குள் வரும் துண்டை மட்டும் பிடுங்கி உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். இடி கேட்க ஆரம்பித்த பிறகு நினைவு வந்தால், அந்தக் கேபிளைத் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மேஜையில் டிரான்ஸ்பார்மரும் சோக்கும் சுற்றி வைத்திருக்கிறேன். அருகே வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.